பர்னார்டு 86-க்கு ஃபில்டர் வேண்டாம்

ஆசிரியருக்கு,

நகரத்து வீட்டுக் கொல்லையிலிருந்து வானத்தைப் படமெடுப்பது பற்றிய சென்ற இதழ்க் கட்டுரை, ஒளி மாசுக்கு மருந்தாக இரட்டைப்பட்டை ஃபில்டரைச் (இரண்டு குறுகிய நிறப்பட்டைகளை மட்டும் உள்ளே விடும் கண்ணாடி) சொல்கிறது. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் ஒளிரும் நெபுலாக்களுக்கு (விண்வெளி மேகங்களுக்கு) அது சரி. விண்மீன் கொத்துக்கும் இருள் நெபுலாவுக்கும் போட்டால் நஷ்டம்தான். விண்மீன் ஒளி எல்லா நிறங்களிலும் வருவதால் ஃபில்டர் அதையும் சேர்த்தே வெட்டிவிடும். இருள் நெபுலாவோ தானாக ஒளிராத தூசு. பின்னாலுள்ள ஒளியை மறைப்பதால்தான் கண்ணுக்குப் படுகிறது. ஓரியனின் குதிரைத்தலை இருள் நெபுலா ஃபில்டரில் எடுப்பாக வரக் காரணம், அதன் பின்திரை ஒளிரும் ஹைட்ரஜன். தனுசிலுள்ள பர்னார்டு 86 என்ற இருள் நெபுலாவுக்குப் பின்னால் இருப்பவை பால்வெளியின் நெருக்கமான விண்மீன்கள். (பக்கத்திலேயே என்ஜிசி 6520 கொத்து. இரண்டும் ஒரே படத்தில் அடங்கும். பழகுவதற்கு அருமையான ஜோடி.)

இதற்குத் தேவை நேரம். வானம் ஒரு பொலிவெண் (வெளிச்ச அளவு; எண் குறையக் குறைய வெளிச்சம் கூடும்) வெளுத்தால், அதே தெளிவுக்கு ஏறத்தாழ 2.5 மடங்கு நேரம் எடுக்க வேண்டும். சதுர வில்வினாடிக்கு (வானப் பரப்பின் சிறு அலகு) 21.5 பொலிவெண் உள்ள இருண்ட வானில் 1 மணி நேரத்தில் கிடைப்பது, 18 உள்ள நகரத்தில் 25 மணி நேரம் கேட்கும். பல இரவு வேலை.

அதற்காக ஒவ்வொரு எக்ஸ்போஷரையும் நீட்ட வேண்டாம். எஃப்/5-இல் (குவியத் தூரம் லென்ஸின் விட்டத்தைப் போல் 5 மடங்கு) 30 முதல் 60 வினாடி பெரும்பாலும் போதும். ஹிஸ்டோகிராம் (படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) மேடு இடது ஓரத்திலிருந்து கால் பங்கு தள்ளி வந்தால் நிறுத்திவிடலாம். அதைத் தாண்டினால் கொத்தின் பெரிய விண்மீன்கள் நிறமிழந்து வெள்ளைப் பொட்டாகும். இரண்டு மூன்று படத்துக்கு ஒருமுறை கேமராவின் குறியை 10-15 பிக்சல் இடம் மாற்றாவிட்டால், படங்களை ஒன்றாகச் சேர்க்கும்போது (ஸ்டாக்) சாய்கோடுகள் தலைகாட்டும். பிளாட் படங்களை (தூசி நிழலை நீக்க, சீரான வெளிச்சத்தில் எடுப்பவை) ஃபோகஸையும் கேமராவின் கோணத்தையும் தொடாமல் அன்றே எடுக்க வேண்டும். சென்சார் தூசியின் நிழலும் இருள் நெபுலா மாதிரியே இருக்கும்!

பலர் கோட்டை விடுவது கடைசியில். வானத்தின் ஒளிச் சரிவை நீக்கும் மென்பொருளைத் தானாக இயங்கவிட்டால், நெபுலாவையே பின்னணி என்று எடுத்துக்கொண்டு சமன்செய்து அழித்துவிடும். பின்னணியை அளக்கும் மாதிரிப் புள்ளிகளைக் கையாலேயே வைக்க வேண்டும்; இருண்ட பகுதியில் ஒன்றுகூடக் கூடாது.

கார்த்திகை விண்மீன் கொத்தைச் சுற்றிய நீலப் படலமும் தூசில் சிதறும் விண்மீன் ஒளியே. ஃபில்டர் இலக்குகளின் பட்டியலில் கட்டுரை அதையும் சேர்த்திருக்கிறது. அடுத்த இதழில் திருத்துங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்