மெஷினை நம்பிச் சேமிக்காமல் விட்டவன் எழுதுவது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஓய்வுக்காலச் சேமிப்பு பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மாதச் சம்பளக்காரர்களுக்கு நல்ல கட்டுரைதான். ஒன்றாம் தேதி இவ்வளவு பிடித்தம், நிறுவனத்தின் பங்கு இவ்வளவு என்று போகிறது. எனக்கு ஒன்றாம் தேதி என்பது சம்பளம் கொடுக்கிற நாள், வாங்குகிற நாள் இல்லை.

இருபத்தாறு வருடமாகச் சின்ன அச்சகம் நடத்துகிறேன். கையில் நாலு காசு சேரும்போதெல்லாம், வங்கியில் போட்டால் என்ன பெரிசாக வரும், மெஷினில் போட்டால் சம்பாதித்துத் தருமே என்று தொழிலுக்குள்ளேயே திருப்பிவிட்டேன். வயதானால் எல்லாவற்றையும் விற்றுவிட்டு உட்கார்ந்துகொள்ளலாம், அவ்வளவுதான் திட்டம். போன வருடம் பழைய ஆப்செட் மெஷின் ஒன்றை விற்கக் கூப்பிட்டேன். வந்தவர் அதை ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை, எடை எவ்வளவு இருக்கும் என்றுதான் கேட்டார். பதினெட்டு வருடம் துடைத்து எண்ணெய் போட்ட மெஷின், இரும்பு விலைக்குப் போனது. வாடிக்கையாளர்களும் அப்படித்தான், என் முகத்துக்காக வருகிறவர்கள், நான் ஒதுங்கினால் அவர்களும் வேறு இடம் பார்ப்பார்கள். அதற்கெல்லாம் சேர்த்து யார் விலை கொடுப்பார்கள்?

அப்புறம்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வருடத்துக்கு 8 சதவீதம் கிடைப்பதாக வைத்துக்கொண்டால், மாதம் 1,000 வீதம் 30 வருடம் போட்டவருக்குச் சுமார் 14.9 லட்சம் சேர்கிறது. அதையே பத்து வருடம் தள்ளித் தொடங்கி 20 வருடம் மட்டும் போட்டால் 5.9 லட்சம்தான். முதலாமவர் கட்டியது ஒன்றரை மடங்கு, எடுப்பது இரண்டரை மடங்கு. விலைவாசி வருடம் 6 சதவீதம் ஏறினால் பணத்தின் மதிப்பு 12 வருடத்தில் பாதியாகிவிடும் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்த்தபோது வயிற்றைக் கலக்கியது.

சிறுதொழில்காரருக்குத் தெரியாத விஷயமில்லை இது, கட்டாயம்தான் இல்லை. பிரிட்டனில் 2012 முதல் ஊழியர்களை ஓய்வூதியத் திட்டத்தில் தானாகவே சேர்க்கிறார்கள், சுயதொழில் செய்பவர் அதில் வரமாட்டார். இந்தியாவின் வருங்கால வைப்பு நிதிச் சட்டமும் பொதுவாக 20 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களுக்குத்தான். அமெரிக்காவில் சிறுதொழில்காரர்களும் சேரக்கூடிய செப் (SEP) என்றொரு ஓய்வுக்காலச் சேமிப்புத் திட்டம், எனக்கு மிகவும் பிடித்தது: லாபம் வந்த வருடம் கூடுதலாகப் போடலாம், வராத வருடம் ஒன்றுமே போடாமல் விடலாம். ஆனால் முதலாளி தனக்குப் போடும் அதே சதவீதத்தைத் தகுதியுள்ள ஊழியர்களுக்கும் போட்டாக வேண்டும். நியாயம்தானே.

இப்போது நான் செய்வது இதுதான். மாதத்துக்கு இவ்வளவு என்று வைத்தால் மூன்றாவது மாதமே தவறிவிடும் (இரண்டு முறை தவறிவிட்டேன்), அதனால் பில் பணம் வரவு வந்த அன்றே அதில் நூற்றுக்கு ஐந்து தனியாகப் போய்விடும், அதற்குப் பிறகுதான் பேப்பர்க்காரர் பாக்கி, வாடகை எல்லாம். அந்தப் பணம் சட்டென்று கைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும், எட்டினால் பேப்பர் வாங்கிவிடுவேன். இன்னொன்று, தொழில் கடனுக்கு நம் சொந்தச் சொத்தே பொறுப்பாகிவிடும் நிலையில், கடன்காரர் கை வைக்க முடியாத சேமிப்பு எது என்று பார்ப்பதும் முக்கியம். இந்தியாவில் பிபிஎஃப் எனும் பொது வருங்கால வைப்பு நிதிக் கணக்கு அப்படிப்பட்டது, கடனுக்காக நீதிமன்ற ஆணை பெற்றாலும் அதை ஜப்தி செய்ய முடியாது. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஐம்பது வயது ஆனது.

அடுத்த முறை எழுதும்போது, ஒரு மாதம் நிறையவும் மறுமாதம் பூஜ்யமும் சம்பாதிக்கிறவர்களுக்கு என்று ஒரு பக்கம் ஒதுக்குங்கள். முக்கியமாக, நாலைந்து பேரை வைத்து வேலை வாங்கும் என்னைப் போன்றவர் தனக்கும் அவர்களுக்கும் சேர்த்து எங்கே, எப்படித் தொடங்குவது என்று விண்ணப்பப் படிவத்திலிருந்தே விளக்குங்கள். என்னிடம் பைண்டிங் செய்பவருக்கு என்னைவிட இரண்டு வயது கூட.

இப்படிக்கு,
ஓர் அச்சகக்காரர்