ஆங்கிலக் கால்வாயில் என்னோடு வந்தவர்களுக்கு நன்றி

அன்பு நண்பர்களே,

கால்வாயைக் கடந்து கரையேறியதிலிருந்து எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "மணிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகம்?" பதில் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. நான் கை போட்ட வேகம் முதலிலிருந்து கடைசி வரை ஏறக்குறைய 3 கி.மீ.தான். மற்றதையெல்லாம் தீர்மானித்தது கடலும், அதைப் படிக்கத் தெரிந்த நீங்களும்.

முதல் நன்றி துணைப்படகின் கேப்டனுக்கு. டோவர் பக்கமிருந்து பிரான்சின் கிரி நே முனைக்கு நேர்க்கோட்டில் சுமார் 33 கி.மீ. அந்தக் கோட்டிலேயே நீந்திவிட முடியாது. நீரோட்டம் ஏறக்குறைய ஆறு மணி நேரம் வடகிழக்கே இழுக்கும், அடுத்த ஆறு மணி நேரம் தென்மேற்கே. 1875-இல், கால்வாயை முதன்முதலில் துணைக்கருவி இல்லாமல் நீந்திக் கடந்த மேத்யூ வெப் 21 மணி 45 நிமிடம் எடுத்துக்கொண்டு, 60 கி.மீ.க்கு மேல் வளைந்து வளைந்து நீந்தியது இதனால்தான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இழுப்பு கடுமையாகும். அஷ்டமியை ஒட்டித் தணியும். தணிந்த நாளாகப் பார்த்துத் தேதி குறித்தவர் கேப்டன். பக்கவாட்டு ஓட்டத்தோடு மல்லுக்கட்டவும் அவர் விடவில்லை. 3 கி.மீ. வேகக்காரர், 2 கி.மீ. பக்க ஓட்டத்தை முழுக்க ஈடுகட்டும்படி சாய்ந்து நீந்தினால், அக்கரையை நோக்கிய வேகம் 2.2 கி.மீ.யாகச் சுருங்கிவிடும். இழுக்கிற பக்கம் இழுக்கட்டும், ஓட்டம் திரும்பும்போது அதுவே கொண்டுவந்து விடும் என்பது அவர் கணக்கு.

வேடிக்கை என்னவென்றால், நடுக்கடலில் ஓட்டம் உடம்புக்குத் தெரியவே தெரியாது. தண்ணீரோடு நாமும் சேர்ந்து போகிறோமே! ஒரே ஒரு முறை கண்ணால் பார்த்தேன். நங்கூரமிட்ட மிதவை ஒன்று பக்கமாகச் சாய்ந்து, முன்புறம் தண்ணீர் நுரைத்து ஏற, பின்னால் சுழிகள் நீள, விசைப்படகு போல எங்களைக் கடந்து ஓடியது. உண்மையில் ஓடியது நாங்கள்தான்.

அப்புறம், கயிற்றில் பாட்டிலைக் கட்டி வீசிக்கொண்டே இருந்த தோழிக்கு. படகைத் தொடக் கூடாது என்பது விதி. நின்றபடியே மிதந்து குடிக்க வேண்டும். ஓட்டம் மணிக்கு 3.7 கி.மீ. என்றால், ஒரு நிமிடம் நின்றாலே 60 மீட்டர் தள்ளிவிடும். "பேசாதே, குடி!" என்று நீ அதட்டியதற்குத் தனியாக ஒரு நன்றி.

கோச், ஆற்றுப் பயிற்சியில் நீங்கள் சொன்னது இன்னும் மறக்கவில்லை. மணிக்கு 1 கி.மீ. ஓடும் ஆற்றில், என் 3 கி.மீ. வேகத்தில், 5 கி.மீ. எதிர்த்துப் போய் 5 கி.மீ. திரும்பினால் 3 மணி 45 நிமிடம். நிலைத்த நீரில் 3 மணி 20 நிமிடம்தான். போகும்போது விட்டதை வரும்போது பிடிக்க முடியாது. அதனால்தான் கிரி நே நெருங்கும்போது "இந்த ஒரு மணி நேரம் உயிரைக் கொடு" என்று பலகையில் எழுதிக் காட்டினீர்கள் போலிருக்கிறது. ஓட்டம் திரும்புவதற்குள் முனையைப் பிடிக்காவிட்டால் கரை உள்வாங்கிக்கொண்டே போகும். இன்னும் பல மணி நேரம் நீந்த வேண்டியதுதான்.

கண்காணிப்பாளருக்கும் நன்றி. நிமிடத்துக்கு எத்தனை கை என்று நீங்கள் விடாமல் குறித்திருக்காவிட்டால், நான் தளர்ந்தேனா, கடல் இழுத்ததா என்று யாருக்குத் தெரியும்? 2019-இல் அமெரிக்க நீச்சல் வீராங்கனை சாரா தாமஸ் இடைவிடாமல் நான்கு முறை கடந்தபோது, 130 சொச்சம் கி.மீ. தூரம் ஓட்டத்தால் 200-ஐத் தாண்டியது. வெறும் நேரத்தை வைத்து இருவரை ஒப்பிடுவது எனக்கு அர்த்தமற்றதாகப் படுகிறது.

நீந்திய பாதையின் வரைபடத்தை எல்லோருக்கும் பிரதி எடுத்து அனுப்புகிறேன். அதில் என் பெயர் மட்டும் அச்சாகியிருக்கிறது. உங்கள் பெயர்களைக் கையால் எழுதிச் சேர்த்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் நீச்சல்காரன்