தெற்கு ரத வீதி அடித்தளத் திருப்பணி: நிறைவு அறிக்கை

திருப்பணிக் குழு உறுப்பினர்களுக்கும் உபயதாரர்களுக்கும் வணக்கம்.

2023 சித்திரைத் திருவிழாவில், முந்தின இரவு கொட்டிய கோடை மழைக்குப் பின், தேரின் வலப்பக்கச் சக்கரம் தெற்கு ரத வீதியில் தாரை உடைத்துக்கொண்டு கரிசலுக்குள் இறங்கியதையும், தேர் நிலைக்கு வந்து சேர மூன்றாம் நாள் ஆனதையும் நாம் யாவரும் அறிவோம். அதையடுத்துக் கூடிய பொதுக்குழு ஒப்படைத்த பணி 2024 ஆடியில் முடிந்தது. ஐப்பசி, கார்த்திகை மழையையும் அடுத்த தேரோட்டத்தையும் பார்த்த பிறகே அறிக்கை தருவது என்று முடிவு செய்ததால்தான் இவ்வளவு தாமதம்.

மற்ற மூன்று வீதிகளும் சரளை நிலத்தில் அமைந்தவை. தெற்கு வீதி மட்டும் ஆழக் கரிசலின் மேல் கிடக்கிறது. கரிசலில் உள்ள களிமண் துகள்கள் மெல்லிய தகடுகளாக அடுக்கப்பட்டவை. மழையில் அந்த அடுக்குகளுக்கிடையே நீர் புகுந்து மண் பொங்குகிறது, கோடையில் அதே மண் சுருங்கிக் கை நுழையும் அளவுக்கு வெடிக்கிறது. 10 கிராம் மண்ணை மண்ணெண்ணெயிலும், இன்னொரு 10 கிராமைத் தண்ணீரிலும் இட்டு ஒரு நாள் வைத்துப் பார்க்கும் எளிய சோதனை ஒன்று உண்டு. மண்ணெண்ணெயில் மண் பொங்காது. தண்ணீரில் உள்ளது அதைவிட 50 விழுக்காட்டுக்கு மேல் உயர்ந்தால் அது மிகுதியாகப் பொங்கும் மண். நம் வீதி மண் அந்தக் கோட்டைத் தாண்டியது. ஒவ்வோர் ஆண்டும் மேலே தாரை மட்டும் புதுப்பித்து வந்தது ஏன் பயன்படவில்லை என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

ஒரு மீட்டர் ஆழத்துக்குக் கரிசலை அள்ளிவிட்டுக் கிராவல் நிரப்பலாம் என்பதே உறுப்பினர் பலரின் கருத்தாக இருந்தது. அள்ளும் மண்ணைக் கொட்ட இடமில்லை. கிராவலுக்கு அனுமதி பெறுவது பெரும்பாடு. இரு புறமும் உள்ள பழைய வீடுகளின் அஸ்திவாரத்தை ஒட்டி அவ்வளவு ஆழம் தோண்டக் குழுவுக்குத் துணிவும் வரவில்லை. ஆகவே இருக்கும் கரிசலையே சுண்ணாம்பு கலந்து திருத்துவது என்று முடிவாயிற்று. இது புதுமையன்று, இந்திய சாலைப் பேராயம் மண்-சுண்ணாம்புக் கலவைக்கென்றே தனி நெறிமுறை வெளியிட்டுள்ளது.

கோயில் மதிலில் நாம் பூசும் சுண்ணாம்புக் காரை காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி இறுகுகிறது. சாலைக்கு அடியில் நடப்பது வேறு. முதலில், சில மணி நேரத்திலேயே, சுண்ணாம்பின் கால்சியம் களிமண் தகடுகளைப் பற்றிக்கொள்வதால் பசைமண் பொலபொலவென்று உதிரியாகிறது. பின்னர் களிமண்ணிலேயே உள்ள சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்போடு சேர்ந்து, சிமெண்டில் உண்டாவது போன்ற பிணைப்பை மாதக்கணக்கில் மெல்ல மெல்ல உருவாக்குகின்றன. இங்கே காற்று நமக்குப் பகை, ஏனெனில் மண்ணோடு சேர்வதற்கு முன்பே காற்றுப்பட்ட சுண்ணாம்பு மீண்டும் சுண்ணாம்புக் கல்லாகிவிடும். அதற்கு வேலை செய்யும் ஆற்றல் இராது.

இதைக் குழு ஏட்டில் படித்திருந்தும் அனுபவத்தில்தான் கற்றது. விலை குறைவாகக் கிடைத்தது என்று மூன்று மாதம் முன்பே வாங்கித் தேர்க்கொட்டகையில் அடுக்கிய நீற்றிய சுண்ணாம்பு மூட்டைகளில் பல வாய் பிரிந்து கிடந்தன. அவற்றைக் கொண்டு கலந்த முதல் 40 மீட்டரில், சுண்ணாம்பின் காரத்தன்மை இருந்தால் செந்நிறம் காட்டும் பினாப்தலீன் கரைசலை ஊற்றியபோது திட்டுத் திட்டாக நிறமே வரவில்லை. அந்தப் பகுதியைக் கிளறிப் புதுச் சுண்ணாம்பிட்டு மறுபடி செய்ய நேர்ந்தது. இந்தக் கூடுதல் செலவு குழுவின் கவனக்குறைவால் வந்தது. ஒப்பந்தக்காரர் மீது பழியில்லை.

கலப்பதற்கு முன் கந்தக உப்பின் (சல்பேட்) அளவைச் சோதித்தோம். அவ்வகை உப்பான ஜிப்சம் கரிசலில் கிடப்பது நம் வட்டாரத்தில் சாதாரணம். கந்தக உப்பு மிகுந்த மண்ணில் சுண்ணாம்பைக் கலந்தால், திருந்துவதற்குப் பதில் மண் முன்னிலும் மோசமாகப் பொங்கிச் சாலையையே தூக்கிவிடும். 0.2 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் தனி ஆய்வு வேண்டும் என்பது விதி. நம் மாதிரிகள் அனைத்தும் அதற்குக் கீழேயே இருந்தன.

180 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலத்துக்கு, 15 சென்டிமீட்டர் வீதம் இரண்டு அடுக்குகளாகப் பணி நடந்தது. உலர்ந்த மண்ணின் எடையில் 5 விழுக்காடு என்ற கணக்கில் சுமார் 28 டன் சுண்ணாம்பு சென்றது. முதல் 40 மீட்டரில் வீணானது இதில் சேராது. ஒன்றரை மீட்டர் சதுரமாகக் கட்டம் கோடிட்டுக் கட்டத்துக்கு ஒரு 25 கிலோ மூட்டையைப் பிரித்துப் பரப்பி, டிராக்டரில் ரோட்டவேட்டர் பூட்டி உழுது, நீர் தெளித்து, லேசாக உருட்டி மூடி ஓரிரவு ஊறவிட்டு, மறுநாள் மீண்டும் உழுது ரோலரால் இறுக்கினோம். அதன்பின் ஏழு நாள் காயவிடாமல் ஈரம் காத்தோம். ஆனி, ஆடிக் காற்றில் சுண்ணாம்புத் தூள் பறந்து கடைகளுக்குள் புகுந்தது உண்மை. அதிகாலையில் மட்டும் பரப்புவது என்று மாற்றிய பிறகே புகார் அடங்கியது. வியாபாரிகளிடம் குழு வருத்தம் தெரிவித்துக்கொள்கிறது. மேலே ஜல்லியும் தாரும் பின்னர் போடப்பட்டன.

சுண்ணாம்பு மட்டுமே வீதியைக் காத்துவிடும் என்று எவரும் எண்ண வேண்டாம். சக்கரம் இறங்கிய இடத்தைத் தோண்டியபோது, பல காலமாகக் கசிந்துகொண்டிருந்த குடிநீர்க் குழாய் ஒன்று அடியில் இருந்தது. அதை மாற்றி, வடிகாலையும் ஆழப்படுத்தினோம். இனி வீட்டு இணைப்புக்காகச் சாலையை வெட்டாதிருக்க, நான்கு இடங்களில் குறுக்கே வெற்றுக் குழாய்கள் புதைத்து, அவற்றின் இடத்தைச் சுவரில் சிவப்பு வண்ணத்தால் குறித்துள்ளோம்.

2025 சித்திரையில் தேர் தெற்கு வீதியை முட்டுக்கட்டைக்கான நிறுத்தங்கள் தவிர வேறெங்கும் நில்லாமல் கடந்தது. சாலையின் நடுப்பகுதியில் வெடிப்பு இல்லை. கிழக்குக் கோடியில், சுண்ணாம்பு கலக்காமல் விட்ட ஓரமண் கோடையில் சுருங்கி இழுத்ததால், விளிம்பில் மெல்லிய விரிசல் ஒன்று ஓடியிருக்கிறது. அதை இப்போதைக்குத் தாரால் அடைத்திருக்கிறோம். அந்த ஓரத்தையும் ஒரு மீட்டர் அகலத்துக்குத் திருத்த, கையிருப்பில் உள்ள தொகையைப் பயன்படுத்தப் பொதுக்குழுவின் ஒப்புதல் கோருகிறோம். வரவு செலவுக் கணக்கு கோயில் அலுவலகத்தில் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளது.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு