பக்கத்து சூப்பர் மார்க்கெட் மூடியது பற்றி எங்கள் வாடிக்கையாளர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

மெயின் ரோட்டில் இருந்த பெரிய சூப்பர் மார்க்கெட் கிளை மூடியதிலிருந்து, "இனி உங்களுக்கு நல்ல வியாபாரம்தான்" என்று பலர் சொல்கிறீர்கள். விற்பனை கூடியிருப்பது உண்மை. ஆனால் எங்களால் சந்தோஷப்பட முடியவில்லை. அங்கே பில் போட்டவர்களும் ரேக் அடுக்கியவர்களும் நம் ஏரியா பிள்ளைகள். சம்பளப் பாக்கியோடு அவர்களை வெளியே நிறுத்தித்தான் ஷட்டர் இறங்கியது.

திருவான்மியூர் இதை முன்பே பார்த்திருக்கிறது. 1997-ல் சுபிக்ஷா என்ற சூப்பர் மார்க்கெட் நிறுவனம் தன் முதல் கடையைத் திறந்தது இங்கேதான். 2008-க்குள் நாடு முழுக்க சுமார் 1,600 கடைகள், பெரும்பாலும் கடனில். பணம் வறண்டதும் 2009 தொடக்கத்தில் எல்லாம் நின்றது. எங்கள் தொழிலே சப்ளையர் தரும் தவணையில் ஓடுவது. பணம் தாமதமானால் அவர் ரொக்கம் கேட்பார், சரக்கு வராது, ரேக் காலியாகும், நீங்களும் வேறு கடைக்குப் போய்விடுவீர்கள். இதில் கவுண்டரில் நிற்கும் பெண் செய்த தவறு என்ன?

இப்போது மூடிய மெயின் ரோடு கிளையிலிருந்து இரண்டு பேரை நாங்கள் வேலைக்கு எடுத்திருக்கிறோம். அதற்கு மேல் எங்கள் கடை தாங்காது. உங்கள் கடையிலோ அலுவலகத்திலோ ஆள் தேவை என்றால் தயவுசெய்து சொல்லுங்கள்.

அப்புறம், அங்கே வேலை பார்த்தவர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் இதைச் சொல்லுங்கள். திவால் வழக்கு தொடங்கியதும் ஓர் ஆங்கில நாளிதழிலும் ஒரு தமிழ் நாளிதழிலும் அறிவிப்பு வரும். அதில் உள்ள கடைசித் தேதிக்குள் 'படிவம் டி'-யில் பாக்கியைக் கேட்க வேண்டும். கம்பெனியை விற்றுக் கடன் அடைக்கும் நிலை வந்தால், தொழிலாளர்களின் 24 மாதப் பாக்கிக்கு, ஈடு வாங்கிக்கொண்டு கடன் கொடுத்த வங்கிகளுக்குச் சமமான இடம் உண்டு. மற்ற ஊழியர்களுக்கு அடுத்த வரிசையில் 12 மாதச் சம்பளம். பி.எஃப். நிதியில் இருக்கும் பணம் கடன்காரர்களுக்குப் போகாது. பலர் இது தெரியாமல், "கம்பெனியே போச்சு, என்ன கேட்கிறது" என்று விட்டுவிடுகிறார்கள்.

வேலை நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, பேங்க் பாஸ்புக் எதையும் தூக்கிப்போட வேண்டாம். மதியம் கூட்டம் குறைவாக இருக்கும். அப்போது வந்தால் படிவத்தை நிரப்ப எங்கள் கணக்கர் உதவுவார். கட்டணம் எதுவும் இல்லை.

அன்புடன்,
கடை நிர்வாகம்