சன்ஷேட் முட்டுகளை எப்போது எடுக்கலாம்? நண்பருக்கு ஒரு கடிதம்

மதுரை

அன்புள்ள முத்து,

கடிதம் கிடைத்தது. பாலிடெக்னிக்கில் முதலாமாண்டு எஞ்சினியரிங் மெக்கானிக்ஸ் உன் தலையில் விழுந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். சுவரில் சாத்திய ஏணிக் கணக்கைப் பையன்கள் விடையோடு மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள், வேறு ஏதாவது சொல்லு என்று கேட்டிருக்கிறாய். பின்பக்கத்தில் இன்னொரு கேள்வி. உன் மச்சான் வீட்டில் ஜன்னலுக்கு மேல் லிண்டலும் (திறப்பின் குறுக்கே போடும் காங்கிரீட் விட்டம்) சன்ஷேட்டும் (அதிலிருந்து வெளியே நீளும் வெயில் மறைப்புப் பலகம்) ஒன்றாகப் போட்டுப் பத்து நாள் ஆகிவிட்டது, காங்கிரீட் இறுகிவிட்டது, அடியில் தாங்கும் முட்டுகளை உருவி அடுத்த ஜன்னலுக்குக் கொண்டுபோகிறேன் என்கிறாராம் மேஸ்திரி. சரியா என்கிறாய். இரண்டுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன். முதலில் மச்சானுக்குப் போன் போட்டு, முட்டில் யாரும் கை வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடு.

மேஸ்திரி சொல்வதில் பாதி உண்மை. பத்து நாளில் காங்கிரீட் தன் எடையைத் தாங்கும் அளவுக்கு வந்திருக்கும். கம்பி சரியான இடத்தில் இருந்தால் சன்ஷேட் ஒடியாது. ஆனால் லிண்டலோடு சேர்ந்து முழுசாகக் கவிழ்ந்து வெளியே வரும். இருபத்தெட்டு நாள் தண்ணீர் காட்டினாலும் இதில் மாற்றம் இல்லை.

நீ அனுப்பிய அளவுகளையே வைத்துக்கொள்வோம். ஜன்னல் 1.5 மீட்டர் அகலம். இரண்டு பக்கமும் 15 செ.மீ. சுவரில் உட்கார்ந்து லிண்டல் நீளம் 1.8 மீட்டர், சன்ஷேட்டும் அதே நீளம். லிண்டல் 230 மி.மீ. அகலம், 150 மி.மீ. உயரம். சன்ஷேட் சுவரை விட்டு 600 மி.மீ. நீட்டல், கனம் 75 மி.மீ. வகுப்பில் நியூட்டனுக்கு மாற்றிக்கொள். நான் கிலோவிலேயே போகிறேன். காங்கிரீட் கன மீட்டருக்கு 2500 கிலோ என்றால் சன்ஷேட் 202.5 கிலோ, லிண்டல் 155 கிலோ.

சுவரின் வெளி விளிம்பைப் பற்றி மொமெண்ட் (எடையை விளிம்பிலிருந்து அதன் தூரத்தால் பெருக்கியது, அதாவது திருப்பும் திறன்) எடு. சன்ஷேட்டின் எடை விளிம்பிலிருந்து 30 செ.மீ. வெளியே: 202.5 × 0.3 = 60.8 கிலோ-மீட்டர், கவிழ்க்கும் பக்கம். லிண்டலின் எடை 11.5 செ.மீ. உள்ளே: 155 × 0.115 = 17.9, பிடித்து நிறுத்தும் பக்கம். 61-க்கு 18. மச்சான் வீட்டில் லிண்டல் மட்டம் வரைதானே வேலை வந்திருக்கிறது? முட்டுகளை உருவிய கையோடு கீழே வரும்.

பையன்கள் படத்தில் எங்கே தவறுவார்கள் என்றும் சொல்லிவிடுகிறேன். ஜன்னலின் நடுவே வெட்டிய படத்தைப் போட்டு, லிண்டலுக்கு அடியில் ஒரு அம்புக்குறியை மேல்நோக்கி வரைவார்கள். அங்கே இருப்பது வெறும் ஜன்னல் திறப்பு. எதிர்விசை வருவது இரண்டு முனையிலும் சுவரில் உட்கார்ந்த 15 செ.மீ. துண்டில் மட்டும். அதனால் லிண்டலையும் சன்ஷேட்டையும் ஒரே திண்பொருளாக எடுத்து, முழு நீளத்துக்கும் ஃப்ரீ பாடி டயகிராம் (பொருளைத் தனியே பிரித்து, வெளியிலிருந்து அதன் மேல் வரும் விசைகளை மட்டும் காட்டும் படம்) போடச் சொல். கொஞ்சம் கெட்டிக்காரப் பையன் மேல் கம்பியின் இழுவிசையையும் படத்தில் சேர்ப்பான். அது பொருளுக்கு உள்ளே இருக்கும் விசை, இந்தப் படத்தில் அதற்கு இடமில்லை. கம்பியை எவ்வளவு கூட்டினாலும் கவிழ்வது நிற்காது என்பது அவனுக்கு அங்கேதான் உறைக்கும்.

இனி மேலே சுவர் எழுப்பு. லிண்டலுக்கும் கூரைக்கும் நடுவில் வழக்கமாக 75 செ.மீ. கிடைக்கும். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், கன மீட்டருக்கு 1900 கிலோ: 1.8 × 0.23 × 0.75 × 1900 = 590 கிலோ. அதன் மொமெண்ட் 67.9. லிண்டலையும் சேர்த்தால் 85.7. கவிழ்க்கும் பக்கம் 60.8-தான், ஆகவே நிற்கிறது. பெரும்பாலான சைட்டில் இந்தக் கட்டத்தில்தான் முட்டுகளை எடுக்கிறார்கள், எடுத்ததும் நிற்கவும் செய்கிறது. பிறகு பூச்சு வேலைக்கு 75 கிலோ ஆள் ஒருவர் அதில் ஏறுகிறார். சுவரிலிருந்து 50 செ.மீ. தள்ளி, நுனியருகே நின்றால் 37.5 கூடுகிறது. மொத்தம் 98. பிடித்து நிறுத்துவது 86.

கலவையின் ஒட்டுதலும், இரு பக்கச் சுவரோடு செங்கல் கோத்திருப்பதும் காப்பாற்றாதா என்று கேட்பாய். பல வீடுகளில் அதுதான் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. ஆனால் புதுச் சுவரில் கலவை இழுவையைத் தாங்கும் என்று கணக்கில் எழுத எனக்குக் கை வராது.

இதைவிட நுட்பமான ஒரு விஷயம் உண்டு, நல்ல மாணவர்களுக்கு வீட்டுக் கணக்காகக் கொடு. சுவர் எழும்பிய நிலையில், ஆள் யாரும் ஏறாதபோது, எதிர்விசை எந்த இடத்தில் விழுகிறது? மிச்ச மொமெண்ட் 85.7 − 60.8 = 24.9. மொத்த எடை 947.5 கிலோ. வகுத்தால் 0.026 மீட்டர். வெளி விளிம்பிலிருந்து வெறும் 26 மி.மீ. செங்கல் இழுவையைத் தராது என்பதால் அழுத்தம் முக்கோணமாகப் பரவும். அதன் அகலம் 26-இன் மூன்று மடங்கு, ஏறக்குறைய 79 மி.மீ. லிண்டல் உட்காரும் 230 மி.மீ.யில் உள்பக்கம் 150 மி.மீ.க்குச் சுவருக்கு வேலையே இல்லை. இரண்டு முனையும் சேர்த்து 30 செ.மீ. நீளத்தில் இந்த எடையைப் போட்டால் ஓரத்தில் சதுர செ.மீ.க்கு 8 கிலோ அழுத்தம். புதுக் கலவையில் வைத்த செங்கலின் முனை நசுங்க இது போதும். முனை 25 மி.மீ. உதிர்ந்தால் திரும்பும் புள்ளியும் 25 மி.மீ. உள்ளே போகும். பிடிக்கும் கை (அந்தப் புள்ளியிலிருந்து எடை இருக்கும் தூரம்) 115 மி.மீ.யிலிருந்து 90 ஆகக் குறையும், கவிழ்க்கும் கை 300-லிருந்து 325 ஆக நீளும். பிடிப்பது 67, கவிழ்ப்பது 66. ஆள் ஏறவே வேண்டாம், இரண்டு கலவைச் சட்டியை நுனியில் வைத்தால் போதும்.

காங்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456:2000-இன் 20-வது பிரிவு சொல்வது இது: கவிழ்க்கும் பக்கத்தில் கட்டுமானத்தின் சொந்த எடையை 1.2-ஆலும், மேலே வரும் பாரத்தை 1.4-ஆலும் பெருக்கு, பிடித்து நிறுத்தும் எடையில் 0.9 பங்கைத்தான் எடுத்துக்கொள். பராமரிப்புக்கு மட்டும் ஏறும் கூரைக்குரிய சதுர மீட்டருக்கு 75 கிலோவை வைத்தால், கவிழ்க்கும் பக்கம் 106.9 வரும். சுவரும் லிண்டலும் தருவது 77. போதாது. அப்படியானால் மிச்சம் எங்கிருந்து வரும்? கூரையிலிருந்து. 12.5 செ.மீ. ஸ்லாப், 3 மீட்டர் அகல அறை, பாதி இந்தச் சுவர் மேல்: 844 கிலோ. மொமெண்ட் 97. எல்லாம் சேர்த்து 0.9-ஆல் பெருக்கினால் 164. இப்போதுதான் நிம்மதி.

இதிலும் ஒரு கண்ணி உண்டு. ரூஃப் காங்கிரீட் போட்ட மறுநாளே அந்த 844 கிலோ சுவருக்கு வந்துவிடாது. சென்டரிங் (காங்கிரீட்டை அடியில் தாங்கும் பலகையும் கம்புகளும்) நிற்கும் வரை ஸ்லாப்பின் பெரும்பகுதி எடை சவுக்குக் கம்புகள் வழியாகத் தரைக்குப் போகிறது. ஆகவே வரிசை இதுதான்: ஸ்லாப் சென்டரிங்கை முதலில் பிரி (4.5 மீட்டர் வரை உள்ள இடைவெளிக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள் என்கிறது அதே ஐ.எஸ்.), அதற்குப் பிறகு சன்ஷேட் முட்டு. அதையும் நுனியிலிருந்து சுவரை நோக்கி எடுக்க வேண்டும், அடித்து உருவாமல் ஆப்பைத் தளர்த்தி. முட்டுப் பலகைக்கு வாடகை ஏறுகிறது என்று மேஸ்திரி முனகுவார். முனகட்டும்.

அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது என்றால் அளவை மாற்றச் சொல். நீட்டலை 600-லிருந்து 450 ஆக்கினால் எடையும் குறையும், கையும் குறையும், மொமெண்ட் 60.8-லிருந்து 34-க்கு வந்துவிடும். லிண்டலை இரு பக்கமும் 45 செ.மீ. உள்ளே ஓட்டினால் அதன் மேல் உட்காரும் சுவர் கூடி, பிடிக்கும் பக்கம் 114 ஆகும். ஆள் ஏறினால் நிற்கும், ஐ.எஸ். கணக்குக்கு மட்டும் 103-க்கு 107 என்று இம்மி குறையும். எதிர்த்திசையில் போகிறவர்களும் உண்டு. நாலரை அங்குலச் சுவரில் எடையும் பாதி, கையும் பாதி, மொமெண்ட் கால்வாசி. அதில் இரண்டடி சன்ஷேட் தொங்கவிடுவது வம்பு. இப்போது பரவலாகிவிட்ட ஏ.ஏ.சி. பிளாக்கின் (காற்றுக் குமிழிகள் நிறைந்த இலேசான காங்கிரீட் கட்டி) எடை செங்கலில் மூன்றில் ஒரு பங்குதான். செங்கலுக்குச் சரியாக இருந்த பழைய வரைபடத்தை வைத்துக்கொண்டு பிளாக் வைத்துக் கட்டினால், கணக்கிலிருந்து 400 கிலோ சத்தமில்லாமல் காணாமல் போயிருக்கும். லிண்டலைத் தூண்களோடு கம்பி கோத்து வார்த்த ஃபிரேம் கட்டடம் என்றால் இந்தக் கணக்கு பொருந்தாது, அங்கே லிண்டலின் முறுக்கத்தைப் பார்க்க வேண்டும்.

விழுந்த சன்ஷேட் எங்காவது கண்ணில் பட்டால் பையன்களைக் கூட்டிப்போய்க் காட்டு. லிண்டல் சுவரிலேயே இருந்து, சன்ஷேட் மட்டும் வேரில் ஒடிந்து தொங்கினால் கம்பிக் கோளாறு. மேலே இருக்க வேண்டிய கம்பி, வார்க்கும்போது மிதிபட்டு அடியில் போயிருக்கும். லிண்டலும் புரண்டு, மேலிருந்த செங்கலோடு ஒன்றாக வந்திருந்தால் நாம் மேலே போட்ட கணக்கு.

மச்சானிடம் லிண்டலுக்கு மேல் சுவர் எவ்வளவு உயரம் வரும், கூரை ஸ்லாப் எந்தப் பக்கம் சாய்ந்து உட்காருகிறது என்று கேட்டு எழுது. ஸ்லாப் கம்பி ஜன்னல் சுவருக்கு இணையாக ஓடுகிறது என்றால் அந்த 844 கிலோவில் பெரும்பகுதி இந்தச் சுவருக்கு வராது. அப்போது நீட்டலைக் குறைப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
ரவி