எடுத்து வைத்த பால் திரிந்து போகவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் மகளிர் பக்கத்தில் தாய்ப்பாலை எடுத்து வைக்க உதவும் பிரெஸ்ட் பம்ப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். எந்த மாடல், என்ன விலை, எத்தனை வேகம் எல்லாம் இருந்தது, சரி. எடுத்த பாலை வீட்டில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. எங்கள் வீட்டில் சிக்கல் வந்ததே அங்கேதான்.

26 வார மகப்பேறு விடுப்பு முடிந்து வேலைக்குப் போன முதல் நாள், காலையில் எடுத்து ஃபிரிட்ஜில் வைத்த 120 மில்லியை மாமியார் அப்படியே சிங்கில் கொட்டிவிட்டார். மேலே ஆடை மாதிரி தனியாகவும் கீழே தண்ணியாகவும் நின்றதால் திரிந்துவிட்டது என்று நினைத்திருக்கிறார். மறுநாள் பசும்பாலைப் போலப் பொங்கக் காய்ச்சிவிட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, நான்தான் சொல்லிக்கொடுக்கவில்லை. தாய்ப்பாலில் கொழுப்பு பிரிந்து மிதப்பது இயல்பு, பாட்டிலை மெதுவாகச் சுழற்றினால் கலந்துவிடும். காய்ச்சவும் கூடாது, மைக்ரோவேவும் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் பாட்டிலைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தால் போதும். குழந்தை குடித்து மிச்சம் வைத்ததை 2 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்காமல் கொட்டிவிட வேண்டும், மனசு கேட்காதுதான்.

அப்புறம் அந்த 4 மணி நேரக் கணக்கு. வெளியே 4 மணி நேரம், ஃபிரிட்ஜில் 4 நாள் என்று சொல்வார்கள். அந்த 4 மணி நேரம் 25 டிகிரிக்குள் இருக்கும் அறைக்கு. மே மாதம், மதுரையில், கரண்டும் போன மத்தியானத்தில் எந்த வீட்டு அடுப்படி 25 டிகிரியில் இருக்கிறது? நான் வெளியே வைப்பதையே விட்டுவிட்டேன், எடுத்ததும் தேதி எழுதி ஃபிரிட்ஜின் உள்பக்கம் வைத்துவிடுவேன். கதவில் வைத்தால் திறந்து மூடும்போதெல்லாம் சூடு படும். ஃப்ரீசரில் 6 மாதம் என்பதும் தனிக்கதவு உள்ள ஃப்ரீசருக்குத்தான். எங்களுடையதைப் போல சிங்கிள் டோர் என்றால் 2 வாரத்துக்குள் பயன்படுத்திவிடுவது நல்லது. உருகியதைத் திரும்ப உறைய வைக்கக் கூடாது.

பம்ப் வலித்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று நானும் பத்து நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். பெட்டியோடு வந்த, மார்பில் பொருத்தும் புனலின் அளவு எனக்குச் சேரவில்லை, அவ்வளவுதான் விஷயம். காம்பு பக்கவாட்டில் உரசாத அளவுக்கு மாற்றி, வேகத்தையும் குறைத்த பிறகு வலியும் போனது, பாலும் நன்றாக வந்தது. வேகத்தைக் கூட்டினால் பால் கூடும் என்பது வெறும் நினைப்பு.

ஆபீசில் பாத்ரூமில் நின்றுதான் எடுத்தேன், பாட்டிலை ஃப்ளஷ் டேங்க் மேல் வைத்துக்கொண்டு. 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், நாளுக்கு 4 முறை தாய் போய்ப் பார்க்கலாம் என்று சட்டம் சொல்கிறது. குழந்தை திருமங்கலத்தில் பாட்டியிடம் இருந்தால் காப்பகம் எதற்கு உதவும்? பால் எடுக்கத் தாழ்ப்பாளும் பிளக் பாயின்ட்டும் உள்ள ஒரு சின்ன அறை போதும். ஐஸ் பேக் போட்ட பையில் 24 மணி நேரம் வரை பால் தாங்கும், அதை நானே கொண்டுபோய்க்கொள்வேன்.

அடுத்த முறை விலைப்பட்டியலைக் குறைத்துக்கொண்டு பாலை எப்படி வைப்பது, எப்படிச் சூடாக்குவது என்பதைப் போடுங்கள். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும், கண்ணாடி இல்லாமல் என் மாமியார் படிக்க மாட்டார்.

ஒரு வாசகி,
மதுரை