20,000 ரூபாய் போனையும் மானிட்டரில் மாட்ட விடுங்கள்

இந்தியாவில் ஸ்மார்ட்போன் விற்கும் நிறுவனங்களுக்கு,

வணக்கம். போனை மானிட்டரில் மாட்டி, கீபோர்டும் மவுஸும் சேர்த்தால் அதுவே கம்ப்யூட்டர் என்று சில ஆண்டுகளாகச் சொல்லிவருகிறீர்கள். பொய்யில்லை. கடிதம் அடிக்க, கணக்குத் தாள் போட, ஆன்லைன் வகுப்பு பார்த்துக்கொண்டே குறிப்பெடுக்க இது தாராளமாகப் போதும். ஆனால் இந்த வசதியைப் பெரும்பாலும் விலை கூடிய போன்களுக்குள்தான் வைத்திருக்கிறீர்கள். அவற்றை வாங்குபவர் வீட்டில் அநேகமாக ஒரு லேப்டாப் ஏற்கெனவே இருக்கும். போனைத் தவிர வேறு கருவியே இல்லாத வீட்டுப் பிள்ளை வாங்குவது 15,000, 20,000 ரூபாய் போன். வேலைக்கு விண்ணப்பம் தயாரிப்பதும் கல்லூரி ப்ராஜெக்ட் அடிப்பதும் அந்த ஆறரை அங்குலத் திரையில்தான். அதில் மானிட்டர் வயரைச் செருகினால் பெரும்பாலும் ஒன்றும் வராது. சார்ஜ் ஏறினால் சரி.

காரணம் எளிது. டைப்-சி துளை எல்லாப் போனிலும் ஒன்றுபோல் தெரிந்தாலும் உள்ளே வயரிங் வேறு. விலை குறைந்த போன்களில் பழைய யுஎஸ்பி 2.0 இணைப்பை மட்டும் கொடுக்கிறீர்கள். படத்தை வெளியே அனுப்பும் டிஸ்ப்ளேபோர்ட் பாதைக்குத் தேவையான வேகமான இழைகள் அதில் இல்லை.

"ப்ராசஸருக்குச் சக்தி போதாது" என்று மட்டும் சொல்லாதீர்கள். 2019-இல் வந்த ராஸ்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கம்ப்யூட்டர் போர்டின் ஆரம்ப விலை 35 டாலர். 1 ஜிபி ரேம் உள்ள அந்தச் சின்னப் போர்டில் இரண்டு மானிட்டர்களை மாட்டலாம். இன்றைய நடுத்தர போனில் 6, 8 ஜிபி ரேம் இருக்கிறது. செலவுதான் பிரச்சினை என்றால், பின்பக்கத்தில் எண்ணிக்கைக்காக ஒட்டும் அந்த 2 மெகாபிக்சல் மேக்ரோ கேமராவை எடுத்துவிடுங்கள். யாரும் தேடமாட்டார்கள்.

இந்த யோசனை புதிதும் அல்ல. 2011-இல் மோட்டோரோலா ஏட்ரிக்ஸ் என்ற போன், லேப்டாப் மாதிரி திரையும் கீபோர்டும் உள்ள ஒரு வெற்றுக் கூட்டோடு வந்தது. போனைச் செருகினால்தான் அதற்கு உயிர். 2015-இல் மைக்ரோசாப்ட் லூமியா 950 வந்தது. மானிட்டரில் மாட்டினால் பார்க்க விண்டோஸ் மாதிரியே இருந்தாலும் வழக்கமான விண்டோஸ் மென்பொருள்கள் அதில் ஓடவில்லை. இரண்டுமே நிலைக்கவில்லை. 2017-இல் சாம்சங் தன் போன்களுக்குக் கொண்டுவந்த டெக்ஸ் என்ற டெஸ்க்டாப் முறை நிலைத்துவிட்டது. ஆண்ட்ராய்டு ஆப்களையே ஜன்னல் ஜன்னலாகத் திறந்து வைத்துக்கொள்ளலாம். 2025-இல் கூகுளும் சாம்சங்கோடு சேர்ந்து ஆண்ட்ராய்டுக்கே இப்படியொரு டெஸ்க்டாப் முறையைத் தருவதாக அறிவித்துவிட்டது. ஆக, மென்பொருள் பக்கம் பாதி வேலையை வேறு யாரோ செய்துகொண்டிருக்கிறார்கள்.

வயர் இல்லாமல் டிவிக்கு அனுப்பலாமே என்பீர்கள். படம் பார்க்க அது சரி. டைப் செய்யும்போது எழுத்து தாமதித்து வந்தால் வேலை ஓடாது. மேலும் பல போன்களில் வருவது, இருபக்கமும் கறுப்புப் பட்டை விழுந்த அதே போன் திரைதான்.

போன் எல்லாவற்றையும் செய்துவிடும் என்றும் நான் சொல்லவில்லை. டேலி போன்ற கணக்கு மென்பொருளோ ஆட்டோகேட் போன்ற வரைபட மென்பொருளோ முழுதாக வேண்டுமென்றால் கம்ப்யூட்டர்தான். பல அரசுத் தளங்களும் போனிலிருந்து திறந்தால் முரண்டு பிடிக்கும். 'டெஸ்க்டாப் சைட்' என்று டிக் அடித்துச் சமாளிக்க வேண்டும்.

கேட்பது அதிகமில்லை. நடுத்தர விலையில் ஆளுக்கு ஒரு மாடலிலாவது வயர் வழியாகப் படம் வெளியே வரட்டும். மணிக்கணக்கில் மானிட்டரோடு கிடக்கும்போது பேட்டரி சூடேறி வீங்காமல் இருக்க, மின்சாரத்தை பேட்டரியைத் தொடாமல் நேராகப் போனுக்குக் கொடுக்கும் முறையையும் சேருங்கள். சில கேமிங் போன்களில் இது ஏற்கெனவே இருக்கிறது.

அப்புறம், மானிட்டரில் மாட்டலாமா மாட்டக்கூடாதா என்பதைப் பெட்டியின் மேலேயே அச்சிடுங்கள். இப்போது கடைக்காரரிடம் கேட்டால், "டைப்-சி தானே, எல்லாம் வரும்" என்று சொல்லி பில் போட்டுவிடுகிறார்.

இப்படிக்கு,
போனிலேயே இதை டைப் செய்த ஒரு வாடிக்கையாளர்